கடையின் பெயர்

நார்த் பெல்டன், நியூ ஹாம்ப்ஷயர்
பிப்ரவரி 4

திரு. ஹார்லன் பிக்ஃபோர்ட் அவர்களுக்கு,

நேற்று உங்கள் சட்டமன்றக் குழுவின் முன் நான் சொல்லாமல் விட்டது கடையின் பெயரை.

மற்றதையெல்லாம் சொன்னேன். என் அண்ணன் ஏமஸ் ஷாட்டக், வயது முப்பத்து நான்கு, அக்டோபர் பத்தொன்பதாம் தேதி காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு ஒரு துப்பாக்கி வாங்கினான். மதியம் இரண்டு மணிக்கு அவன் உயிரோடு இல்லை. துப்பாக்கிக்குக் காசு கொடுத்தவர் அதைக் கையில் வாங்க மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்ற மசோதாவுக்கு இதைவிட நீளமான வாதம் என்னிடம் இல்லை.

ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்திருந்தார்கள். நான் இரண்டு நிமிடம் பத்து நொடியில் நிறுத்திவிட்டேன். மீதி ஐம்பது நொடி அந்தப் பெயருக்கென்று ஒதுக்கியது. வீட்டில் நான்கு முறை சொல்லிப் பார்த்த வாக்கியம் இது: “அந்த ரசீதில் இருக்கும் கடையின் சொந்தக்காரர் இந்த மேஜையில் இடமிருந்து இத்தனையாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.” எண்ணுக்கு மட்டும் இடம் விட்டு எழுதியிருந்தேன். உள்ளே வந்ததும் எண்ணினேன். ஆறாவது.

தலைவர், “வேறு ஏதாவது உண்டா?” என்றார். இல்லை என்றேன். நீங்கள் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தீர்கள்.

உங்கள் தொகுதியில் ஓட்டுரிமை உள்ளவர்களில் நானும் ஒருத்தி. அந்த முறையில் கேட்கிறேன்: அடுத்த வாரம் குழு வாக்கெடுக்கும்போது இந்த மசோதாவை ஆதரியுங்கள். நேரில் கேட்டிருக்கலாம். ஆனால் கடைக்குள் வர என்னால் முடியாது.

லெனா ஷாட்டக்


பிப்ரவரி 6

லெனா,

உன் கடுதாசி வந்துது. ஒண்ணேகால் மைல் தூரத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்க. எனக்கு உன்னாட்டம் எழுத வராது, பேசற மாதிரிதான் எழுதுவேன். எழுதிக் கொடுக்க எங்களுக்கு ஆளும் கிடையாது. சட்டமன்றத்துல நானூறு பேர் இருக்கோம், வருஷத்துக்கு நூறு டாலர் சம்பளம், யாரு கடுதாசி போட்டாலும் நானேதான் உக்காந்து பதில் எழுதணும்.

ஒண்ணு நேராவே கேட்டுடறேன். இது மிரட்டலா?

மிரட்டல்னா மிரட்டல்னு சொல்லிடு. அன்னிக்கு நீ பேச ஆரம்பிச்சதிலேர்ந்து, இப்ப சொல்லுவா, இந்தா இப்ப சொல்லுவான்னு பல் டாக்டர் நாற்காலில வாயத் திறந்துகிட்டு கிடக்கற மாதிரி கிடந்தேன். நீ சொல்லல. எழுந்து போயிட்ட. நீ சொல்லியிருந்தா அந்த இடத்துலயே முடிஞ்சிருக்கும். இப்ப பாரு, ரசீது உன் பையில இருக்கா, பத்திரிகைக்குப் போகுதா, மொத்தச் சபை முன்னாடி வருதான்னு எனக்குத் தெரியல.

நான் சட்டப்படி செய்யவேண்டியது எல்லாத்தையும் செஞ்சேன். படிவம் எழுதி வாங்கினேன். பின்னணிச் சோதனைக்கு அரசாங்க நம்பருக்குப் போன் போட்டேன். நாலு நிமிஷத்துல ‘கொடுக்கலாம்’னு சொல்லிட்டாங்க. கொடுத்தேன். உங்கண்ணன் மேல எந்தக் கேஸும் இல்ல, எந்த ஆஸ்பத்திரியிலயும் பேர் இல்ல. எந்தக் கடைக்காரனும் அததான் செஞ்சிருப்பான்.

மசோதாவப் பத்தி: வீட்டுப் போனுக்கு இதுவரைக்கும் நூத்தி நாப்பது பேர் கூப்பிட்டாச்சு. என் வீட்டுக்காரி டோரின் காலண்டர் பின்பக்கத்துல கோடு போட்டு எண்றா. வேண்டாம்கறவங்க நூத்திப்பத்து. நேத்து சாப்பாட்டு நேரத்துல ஒருத்தன், “என்ன ஹார்லன், சாப்பிடறியா? நல்லா சாப்பிடு. அந்த மசோதாவுக்குக் கையத் தூக்கினேன்னா நவம்பர் தேர்தலுக்கு அப்பறம் தினமும் வீட்டுலயே உக்காந்து சூடா சாப்பிடலாம்”ங்கறான். இவங்கதான் எனக்கு ஓட்டுப் போட்டவங்க. மான் வேட்டைக்கு ரெண்டு நாள் முன்னாடி துப்பாக்கி ரிப்பேராச்சுன்னா இவங்க என்ன பண்ணுவாங்க, சொல்லு.

சனிக்கிழமை ஊரே குப்பை போட வர்றப்ப, யாரு வேணா வந்து பேசட்டும்னு கிடங்குல வழக்கம்போல என் மேஜை இருக்கும். வரணும்னா வா. ஆனா ரசீதோட வராத.

ஹார்லன்


பிப்ரவரி 13

திரு. பிக்ஃபோர்ட் அவர்களுக்கு,

மிரட்டல் இல்லை. இதை எழுதிவிட்டு வெகுநேரம் இந்த வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரசீதைத் தூக்கிப் போடவும் இல்லை, அதனால் எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரியவில்லை. என் சமையலறை மேஜையின் இழுப்பறையில், ரப்பர் வளையங்களோடு இருக்கிறது.

சனிக்கிழமை வந்தேன். நீங்கள் என்னைப் பார்ப்பதற்கு முன்பே வந்துவிட்டேன். அட்டைப்பெட்டிகள் போடும் தொட்டிக்குப் பின்னால் நின்று ஏமஸின் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கிழித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் மேஜையில் காபிக் குடுவை வைத்து, கழுத்துவரை கம்பளி சுற்றி உட்கார்ந்திருந்தீர்கள். உங்களைச் சுற்றி நான்கு பேர்.

பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற அந்த உயரமானவர் சொன்னது இது:

“என்ன ஹார்லன், காபி இருக்கா?”

“இருக்கு, ஊத்திக்க.”

“வேணாம்பா. இப்ப பேர் பதிஞ்சுட்டுப் போறேன். மூணு நாள் கழிச்சு வந்து குடிச்சுக்கறேன். அதுக்குள்ள எனக்குக் கோவம் ஆறிடும்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். பெரிதாக இல்லை, தோள் ஒருமுறை குலுங்குகிற அளவுக்கு. பிறகு தொட்டிப் பக்கம் திரும்பினீர்கள். என்னைப் பார்த்தீர்கள். குடுவையின் மூடியைத் திருக ஆரம்பித்தீர்கள். ஏற்கெனவே இறுக்கமாக இருந்த மூடி.

கடையின் பெயரை ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். நல்ல மனசு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்று பார்வையாளர் வரிசையின் கடைசியில் உங்கள் மனைவி டோரின் அம்மா உட்கார்ந்து ஒரு பச்சை நிற ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். ஏமஸை அடக்கம் செய்த மறுநாள், வேகவைத்த பீன்ஸை மண்பானையோடு என் வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் போனவர் அவர். பானை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது ஊசிகள் நின்றுவிட்டன. அவ்வளவுதான்.

எனக்கு உங்களிடம் கேட்க வேறொன்று இருக்கிறது. மசோதாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என் அண்ணனிடம் கடைசியாகப் பேசிய மனிதர் நீங்கள். நான்கு மாதமாக யாரும் அதை என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் உங்களிடம் என்ன பேசினான்?

லெனா


பிப்ரவரி 15

லெனா,

பத்திரிகைல படிக்கறதுக்கு முன்னாடி என் வாயாலயே தெரிஞ்சுக்க. குழுவுல பத்துக்குப் பத்து. நான் எதிராத்தான் போட்டேன். சமமா நின்னதால எந்தப் பரிந்துரையும் இல்லாம மொத்தச் சபைக்குப் போகுது. மார்ச் ஆறாம் தேதி வாக்கெடுப்பு. நான் அந்தப் பக்கம் போயிருந்தா பதினொண்ணுக்கு ஒம்பதுன்னு ஜெயிச்சிருக்கும். நீயே கணக்குப் போட்டுடுவ, அதான் நானே சொல்லிட்டேன்.

சிரிச்சது தப்பு. அவ்ளோதான் அதப்பத்தி.

ஏமஸ் என்ன பேசினான்னு கேட்டிருக்க. எல்லாரும் பேசறதுதான். டோரினோட முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டான். இந்த வருஷம் பனி சீக்கிரமே விழும்னான். கோழிக்கூண்டுப் பக்கம் நரி வருது, அதுக்குத்தான் வேணும்னான். நல்லாத்தான் இருந்தான். தலை சீவி, சட்டையெல்லாம் சுத்தமா. கிளம்பும்போது, “கதவுக் கீல் கத்துது ஹார்லன், இரும்புக்கடைல எண்ணெய்க்குப் பஞ்சமா?”ன்னான். நான் சிரிச்சேன்.

இதுல உனக்கு ஆறுதலா ஏதாவது இருந்தா எடுத்துக்க.

ஹார்லன்


பிப்ரவரி 18

திரு. பிக்ஃபோர்ட் அவர்களுக்கு,

எங்கள் வீட்டில் கோழிகள் இல்லை.

ஐந்து வருடமாக இல்லை. பனிப் பாரத்தில் கொட்டகை சரிந்த அன்று கூண்டும் நசுங்கியது. மிஞ்சிய மூன்று கோழிகளை டோரின் அம்மாதான் வாங்கிக்கொண்டார். உடைந்த பலகைகளை உங்கள் டிரக்கில் ஏற்றிக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோனது நீங்கள். இரண்டு நடை அடித்தீர்கள். இரண்டாவது நடையில் ஏமஸ் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான்.

லெனா ஷாட்டக்


மார்ச் 1

லெனா,

உன் கடுதாசி பத்து நாளா டிரக்குல, கண்ணாடிக்கு முன்னாடி கிடந்துது. வெயில் பட்டு ஒரு ஓரம் மஞ்சளாயிடுச்சு. ஒவ்வொரு தடவை வண்டி திருப்பும்போதும் இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் ஓடும். டோரின், “பதில் எழுது, இல்ல கிழிச்சுப் போடு, ரெண்டுல ஒண்ணு பண்ணு ஹார்லன்”னா. எழுதறேன்.

எனக்குத் தெரியும்.

அவன் ‘கோழி’ன்னு சொன்ன அந்த நிமிஷமே தெரியும். இந்த ஊர்ல எவன் வீட்டுல எத்தனை கோழி, எவன் வீட்டுல புகைபோக்கி அடைச்சிருக்குன்னு தெரியாமலா நாப்பது வருஷம் கடை நடத்தறேன். உங்க வீட்டுல கோழி இல்ல. அவன் வேட்டைக்குப் போறவனும் இல்ல. மானைப் பாத்தா வண்டிய நிறுத்தி வழி விடறவன்.

நான் கேக்கல. நம்ம ஊர் எப்படின்னு உனக்கும் தெரியும். ஒருத்தன் சுத்தியல் வாங்கினா எதுக்குன்னு கேக்கமாட்டோம். ஒருத்தன் பொண்டாட்டி போயிட்டா, அவ எங்க போனான்னு கேக்கமாட்டோம்; அவன் வீட்டு வாசல்ல பனியைத் தள்ளிவிட்டுட்டு வந்துடுவோம். அதைத்தான் மரியாதைன்னு வெச்சிருக்கோம். எங்கப்பா அப்படித்தான். நானும் அப்படித்தான். “எந்தக் கோழி, ஏமஸ்?”னு மூணு வார்த்தை. அது வாயில வரல. கேட்டா அவன் முகம் என்ன ஆகும்னு பயந்தேன். அவனுக்காகப் பயப்படல. எனக்காகப் பயந்தேன்.

அதுக்கு பதிலா என்ன பண்ணேன் தெரியுமா? போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, ‘ஒரு நிமிஷம் இருங்க’ன்னு சொல்லிட்டு ஏதோ தட்டிக்கிட்டு இருந்தா. நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷமும் நான், ‘நிறுத்தி வைங்க’ன்னு சொல்லு, ‘நிறுத்தி வைங்க’ன்னு சொல்லுன்னு மனசுக்குள்ள கெஞ்சிக்கிட்டு நின்னேன். சில சமயம் பேர் குழப்பத்துல அப்படிச் சொல்லுவாங்க. அவ சொல்லியிருந்தா, “மன்னிச்சுக்க ஏமஸ், என் கையில இல்ல, திங்கக்கிழமை வா”ன்னு சொல்லியிருப்பேன். அவனும் சரின்னிருப்பான். ரெண்டு பேருக்கும் மரியாதை போயிருக்காது. அவ, “கொடுக்கலாம் சார்”னா.

இத எழுதும்போதே எனக்குத் தெரியுது, உன் மசோதா செய்யறது அதேதான். நான் கேக்கவேண்டியதைக் கேக்காமலே அவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அப்படியிருந்தும் குழுவுல எதிரா போட்டேன். ஏன்னா ஆதரிச்சா, ‘அப்ப அன்னிக்கு?’ன்னு என்னை நானே கேக்கணும்.

ரசீதை என்ன வேணா பண்ணிக்க. பத்திரிகைக்காரன் நம்பர் வேணும்னா தரேன்.

ஹார்லன்


மார்ச் 3

ஹார்லன்,

இன்று உங்களை இப்படித்தான் கூப்பிட முடிகிறது.

உங்கள் கடிதத்தைக் கோபத்தோடு மூன்று முறை படித்தேன். நான்காவது முறை முடிக்கவில்லை.

அன்று காலை ஏமஸ் கூரை ஓரத்துச் சருகுகளையெல்லாம் அள்ளிக்கொண்டிருந்தான். ஏணியில் நின்று விசிலடித்தபடி. அது அவன் வேலையே அல்ல. வருடா வருடம் நான்தான் கெஞ்சிக் கூத்தாடி ஆள் வைத்துச் செய்வேன். முடித்ததும் இறங்கி வந்தான். அவனிடமிருந்த வீட்டுச் சாவியை என் கையில் வைத்து, “இது உன்கிட்டயே இருக்கட்டும், நான் எங்கயாவது தொலைச்சுடுவேன்” என்றான். என் கையில் ஒரு புத்தகம் இருந்தது, விரல் பக்கத்துக்கு நடுவே. நான் அண்ணாந்து பார்த்து, “சரி” என்றேன். சாவியைப் புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்துக்கொண்டு படித்துக்கொண்டே போனேன். எதற்குடா இதெல்லாம் என்று கேட்டிருந்தால் நான்கு வார்த்தைகூட ஆகியிருக்காது.

குழுவின் முன் நான் சொல்லாமல் விட்டது கடையின் பெயரை மட்டும் அல்ல. உங்கள் பெயரைச் சொன்னால், அடுத்த கேள்வி என்னைப் பார்த்து வரும் என்று பயந்தேன். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். நீங்கள் சொன்னதுபோல, இங்கே யாரும் கேட்பதில்லை.

ரசீது இந்த உறைக்குள் இருக்கிறது. நகல் எடுக்கவில்லை. இனி உங்கள்மேல் வைத்துப் பேச என் கையில் ஒன்றும் கிடையாது. டோரின் அம்மாவின் காலண்டரில் என் பெயருக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள், வேண்டும் என்கிற பக்கத்தில். ஒரு கோடுதான்.

வியாழக்கிழமை வாக்கெடுப்பு. நான் வரமாட்டேன். வேலை இருக்கிறது.

லெனா


மார்ச் 9

லெனா,

தோத்துப்போச்சு. மூணு ஓட்டு வித்தியாசம்.

நான் ஆதரவா போட்டேன். அது இப்ப ஊருக்கே தெரியும். உனக்கும் யாராவது சொல்லியிருப்பாங்க, ஆனா நடந்ததை நடந்த மாதிரி சொல்லியிருக்கமாட்டாங்க.

பேசறவங்க பட்டியல்ல என் பேரைக் கொடுத்தேன். பதினெட்டு வருஷத்துல நான் மைக் முன்னாடி போனது ரெண்டே தடவை. அதுல ஒண்ணு பாலம் ரிப்பேருக்கு. தலைவரே ஆச்சரியப்பட்டு, “நார்த் பெல்டன் உறுப்பினர், நிஜமாவா?”ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நான் உன் ரசீதை எடுத்தேன். கடையோட பேரைப் படிச்சேன். ‘பிக்ஃபோர்ட் இரும்புக்கடை, மெயின் ரோடு.’ தேதி, நேரம். அதுக்கப்பறம், “அந்தக் கடை என்னுது”ன்னேன். கோழியச் சொன்னேன். நாலு நிமிஷத்தையும் சொன்னேன். நான் என்ன சொல்லலைன்னா, உன் பேரை.

நானூறு பேர் இருக்கற இடத்துல நான் ஒரே ஒருத்தர் மனசைத்தான் மாத்தினேன்னு வெச்சுக்க, அது என்னோடது.

சனிக்கிழமை கிடங்குக்குப் போனேன். போகாதேன்னு டோரின் சொன்னா. போகலைன்னா இனிமே எப்பவும் போகமுடியாதுன்னுட்டு போனேன். என் மேஜை மேல யாரோ ரப்பர் கோழி ஒண்ணு வெச்சிருந்தாங்க. நாய்க்குப் போடறது. அமுக்கினா கத்தும். பக்கத்துல அட்டையில ‘மூணு நாள் கழிச்சு முட்டையிடும்’னு எழுதியிருந்தது. எவனும் பக்கத்துல வரல. பனி வண்டிக்காரன் மட்டும் தூரத்துலேர்ந்து கத்தறான்: “உன் கடைல ஆணி வாங்கவும் பாதிரியார்கிட்ட சீட்டு வாங்கணுமா ஹார்லன்?” நான் காபிய ஊத்திக் குடிச்சேன்.

டோரின் அந்தக் கோழியத் தூக்கிட்டு வந்து கடை ஜன்னல்ல வெச்சுட்டா. எடுக்கமாட்டேங்கறா.

ஹார்லன்


மார்ச் 12

ஹார்லன்,

நீங்கள் என்னைக் கேட்டிருக்க வேண்டும்.

என் பெயரைச் சொல்லவில்லை என்கிறீர்கள். இந்த ஊரில் ஏமஸின் பெயர் என் பெயர்தான். திங்களன்று தபால் நிலையத்தில் என்னைப் பார்த்ததும் இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, “கோழின்னா சொன்னான், பாவம்” என்றாள். அவன் கடைசியாகச் சொன்ன பொய், எனக்கு மட்டும் இருந்தது. இரண்டு வாரம்தான் என்னிடம் இருந்தது. அதை எடுத்து நானூறு பேருக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

இதைக் கோபத்தில் எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியட்டும். நாளைக்கு வேறு மாதிரி தோன்றலாம். அதற்குள் அனுப்பிவிடுகிறேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கையைப் பிடித்தவள் விடவில்லை. தபால் நிலைய வாசலில், சேற்றில் நின்றுகொண்டே, “உனக்கு எப்படி இருக்கு? நெஜமா கேக்கறேன்” என்றாள். அக்டோபரிலிருந்து அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள். ‘பரவால்ல’ என்றேன்.

பீன்ஸ் பானையை உங்கள் வாசலில் வைத்திருக்கிறேன். கதவைத் தட்டினேன். நீங்கள் இருவரும் இல்லை.

லெனா


செப்டம்பர் 20

லெனா,

ஆறு மாசம் ஆச்சு. இடையில நீயும் எழுதல, நானும் எழுதல. நீ கோவமா இருக்கறதுக்கு இடம் விடணும்னு நினைச்சேன். உன்னைக் கேக்காம செஞ்சது தப்புதான். பேசினதுக்கு வருத்தப்படல. ரெண்டையும் சேத்தே வெச்சுக்கறேன்.

கட்சிக்குள்ள நடந்த முதல் கட்டத் தேர்தல்லயே தோத்துட்டேன். பெரிய வித்தியாசம். டோரின் காலண்டரைத் திருப்பி மாட்டிட்டா. பதினெட்டு வருஷத்துக்கு அப்பறம் சுவத்துல படம் தெரியுது, ஏதோ கலங்கரை விளக்கம்.

கடையில இப்ப ஒரு வழக்கம் வெச்சிருக்கேன், கேள்விப்பட்டிருப்ப. சட்டம் எதுவும் இல்ல, கதவுல நானே ஒட்டின காகிதம்தான். துப்பாக்கின்னா இன்னிக்கு வாங்கு, மூணு நாள் கழிச்சு எடுத்துட்டுப் போ. பாதிப் பேர் திட்டிட்டு அடுத்த ஊர்க் கடைக்குப் போயிட்டாங்க. மீதிப் பேர் திட்டிக்கிட்டே காத்திருக்காங்க. பனி வண்டிக்காரன் காத்திருந்தான், நம்பமாட்ட. மூணாம் நாள் வந்து, “இன்னும் கோவம் ஆறல, கொடு”ன்னு வாங்கிட்டுப் போனான்.

மே மாசத்துல ஒருத்தன் வந்தான். பேர் சொல்லமாட்டேன். காசு கொடுத்தான், படிவம் எழுதினான், சோதனையும் முடிஞ்சுது. துப்பாக்கில சீட்டுக் கட்டி உள்ளே வெச்சேன். நாலாம் நாள் வரல. அஞ்சாம் நாளும் வரல. ஆறாம் நாள் கடையப் பூட்டிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டினேன். திறந்தான். “எப்படி இருக்கே?”ன்னு கேட்டேன். எனக்குக் கேக்கவே தெரியல லெனா, ஏதோ கடன்காரன் மாதிரி நின்னு கேட்டேன். அவன் என் ஷூல ஒட்டியிருந்த சேத்தைப் பாத்தான். அப்பறம், “உள்ள வா, ஷூவைக் கழட்டு”ன்னான். மூணு மணி நேரம் இருந்தேன். என்ன பேசினோம்ங்கறது அவனோடது.

துப்பாக்கி இன்னும் உள் அறையிலதான் இருக்கு, சீட்டோட. காசைத் திருப்பித் தரேன்னா, இருக்கட்டும்கறான். எதுக்குன்னு தெரியல. அடுத்த தடவை கேப்பேன்.

போன சனிக்கிழமை கிடங்குக்கு வந்திருந்தான். அவன் வீட்டு அட்டைப்பெட்டிகளை அவனே போட்டுட்டுப் போனான்.

ஹார்லன்